புள்ளியில் சேராத மகள்

நகரத்தார் மரபில் ‘புள்ளி’ என்றொரு கணக்கு உண்டு. திருமணமான ஆண் ஒவ்வொருவரின் குடும்பமும் ஒரு புள்ளி. கோயிலுக்கான வரி அதன்படிதான். மகள் பிறந்த வீட்டில் புள்ளி ஆவதில்லை. கணவன் வீட்டுப் புள்ளிக்குள் அடங்கிவிடுகிறாள்.

குடும்பத் தொழில் ஒன்றின் விழுமியத்தை அறிய, சுவரில் சட்டமிட்டு மாட்டிய வாசகம் போதாது. யாரைத் தொழிலுக்குப் பழக்குகிறார்கள், யாரிடம் பெட்டிச்சாவி தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடையில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பின்பு கடையையே நடத்தினான். நம்பிக்கையும் சிக்கனமும் இப்படித்தான் அன்றாட வேலைமுறையாயின. மூன்றாண்டுத் தவணைக்கு ஆண்கள் கடல் கடந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளை ஆச்சிகள் கட்டிக் காத்தார்கள். அவர்களுடைய சீதனப் பணம் கடைகளில் வட்டிக்கு ஓடியது. பணம் உள்ளே போயிற்று. பணத்துக்குரியவள் வெளியே நின்றாள்.

இது பழங்கதை அல்ல. முருகப்பா குழுமம் தன் விழுமியங்களை ‘ஐந்து விளக்குகள்’ என்கிறது: நேர்மை, ஆர்வம், தரம், மரியாதை, பொறுப்பு. அக்குடும்பத்தின் எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர் குடும்பத்துக்கு 8 விழுக்காட்டுக்கும் மேல் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் முனைவர், இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். இல்லையேல் பங்குகளை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் வாக்களித்து அவரை மறுத்தார்கள். பெண் என்பதே காரணம் என்பது வள்ளியின் குற்றச்சாட்டு. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டதாக அறிவிப்பு வந்தது.

உடன்பாடு ஒரு வழக்கை முடிக்கும், வழக்கத்தை முடிக்காது. வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் மகளுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. பங்கு வேறு, நாற்காலி வேறு. பங்கு லாபத்தைத் தரும். எந்த ஆலைக்கு எவ்வளவு பணம், யாருக்கு வேலை, எந்த ஷிப்டில் யார் என்று முடிவெடுப்பது நாற்காலி. ‘மரியாதை’ அந்த நாற்காலிவரை வராதபோது, ஆலைத்தளத்தில் நிற்கும் பெண்ணிடம் அது எப்படிப் போய்ச் சேரும்?

கடை திறக்கும்போது குத்துவிளக்கேற்ற நம்மை அழைக்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து காசோலையில் கையெழுத்து யாருடையது? உங்கள் வீட்டில் தொழில் உண்டென்றால், இன்றிரவே கேட்டுப்பாருங்கள்.