ஊசிக்குப் பிறகு யார்?

புற்றுநோய் வலியை ஒரே ஊசியில் போக்கிவிடலாம் என்று தனியார் மருத்துவமனைகள் காணொளி போட்டு அழைக்கின்றன. ஊசி பொய்யில்லை. கணையப் புற்றுநோயில் மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலியால் மல்லாந்து படுக்க முடியாமல் குனிந்தே கிடந்தவர், வயிற்றுறுப்புகளின் வலியைக் கடத்தும் சீலியாக் நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்தியபின் நிம்மதியாகப் படுத்துறங்குவது உண்டு. மார்ஃபினால் வரும் மலச்சிக்கலும் மயக்கமும் தாங்காதவர்களுக்கு அது பெரிய உதவி. இதில் எனக்குச் சண்டையில்லை.

ஊசியோடு வேலை முடிந்தது என்கிற நினைப்போடுதான் சண்டை. அறுவை செய்ய இயலாத கணையப் புற்றுநோயாளிகள் 100 பேரிடம் மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. பாதிப் பேருக்கு இந்த ஊசி, அதாவது நரம்புத் தடுப்பு; மீதிப் பேருக்கு ஒப்புக்கு ஓர் ஊசி. தடுப்பு பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் உட்கொண்ட மார்ஃபின் வகை மருந்தின் அளவிலோ வாழ்க்கைத் தரத்திலோ சொல்லத்தக்க வித்தியாசமில்லை. காணொளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. சில மாதங்களில் வலி திரும்பலாம். கட்டி எலும்புக்குப் பரவினால் அந்த வலிக்கு இந்த ஊசி கேட்காது.

ஊசி மட்டும் போதாது என்பதை அனுபவத்தில் கண்டவர் எம்.ஆர்.ராஜகோபால் என்ற மயக்கவியல் மருத்துவர். நரம்புத் தடுப்பிலிருந்துதான் நோய்த்தணிப்புச் சிகிச்சைத் துறைக்கு வந்தார். கடும் வலியோடு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அவர் போட்ட ஊசி உடனே பலித்தது. மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டவரிடம், இனி வரவேண்டியதில்லை என்றார். நோய் குணமாகாது என்பது அப்போதுதான் ஆசிரியருக்குப் புரிந்தது. வீடு திரும்பி உயிரை மாய்த்துக்கொண்டார். இதை ராஜகோபாலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1993-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு அவர் தொடங்கிய மையம் வெறும் ஊசி போடும் இடமாக இருக்கவில்லை. நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசுவதும் அங்கே சிகிச்சைதான்.

ஊசிக்குப் பில் போடலாம், உட்கார்ந்து பேசுவதற்குப் போட முடியாது. காணொளி எதற்கு எடுக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஊசி போதாதபோது தேவைப்படும் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதை வாங்கி வைக்கக்கூட முனையாத மருத்துவமனை வலி நிவாரணம் என்று பலகை மாட்டுவது ஏமாற்று.

வீட்டில் நோயாளி இருந்தால், ஊசிக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வலி திரும்பினால் இரவில் யாரைக் கூப்பிடுவது? மார்ஃபின் மாத்திரை இங்கே கிடைக்குமா?