திசை மாற்றும் சிவப்புப் பலகை

சின்னதாக ஒரு ரோபோ வண்டி செய்ய உட்காரும் மாணவர் கையில் முதலில் வந்து சேர்வது, கறுப்பு ஹீட் சிங்க் நிமிர்ந்து நிற்கும் அந்தச் சிவப்புப் பலகைதான். எல்298என் மோட்டார் டிரைவர். டிசி மோட்டாரின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் அது எதிர்த்திசையில் சுற்றும். அந்த இடமாற்றத்தை நான்கு டிரான்சிஸ்டர்களால் செய்வது எச் பிரிட்ஜ். இப்படி இரண்டு பிரிட்ஜ்கள் இந்தச் சிப்புக்குள் இருக்கின்றன.

இதன் பெரிய பலம், தவறு செய்ய விடாத அமைப்பு. பிரிட்ஜின் ஒரு பக்கத்து மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் ஒரே உள்ளீடு ஆள்கிறது. அதனால் புரோகிராமில் எவ்வளவு குளறுபடி செய்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஆன் ஆகச் சொல்ல வழியில்லை. தனி டிரான்சிஸ்டர்களை வைத்துக் கட்டும்போது ஒரு வரி பிசகினால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். கற்றுக்கொள்பவருக்கு இந்தப் பாதுகாப்பு சாதாரணமானதல்ல.

ஆனால், 46 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைத்த சிப்பை 6 வோல்ட் பொம்மை மோட்டாருக்கு மாட்டுகிறோம். உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டிலும் சேர்த்து 1.8 முதல் 3.2 வோல்ட் வரை இழப்பு என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. நான்கு ஏஏ பேட்டரி போட்ட வண்டியில் மோட்டாருக்கு 4 வோல்ட் மிஞ்சினாலே அதிகம். மீதி எல்லாம் ஹீட் சிங்க்கில் சூடாகப் போகிறது. "மோட்டாரில் பவரே இல்லை" என்று மாணவர் வேறு மோட்டார் வாங்குகிறார்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால், சுழலும் மோட்டாரே உண்டாக்கி, அதுவரை மின்னோட்டத்தை மட்டுப்படுத்திய எதிர் மின்னியக்கு விசை, பேட்டரியோடு சேர்ந்துகொள்கிறது. சுருளின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் 1.2 ஆம்பியர் ஓடும். 5 வோல்ட் எதிர்விசையோடு ஓடும்போது திசையை மாற்றினால், அந்தக் கணத்தில் 11 வோல்ட்டை 5 ஓமால் வகுக்க வேண்டும்: 2.2 ஆம்பியர். எல்298என்னின் இழப்பே இந்த அதிர்ச்சியை ஓரளவு விழுங்கிவிடுவதால், இடைவெளி விடாமல் திருப்பும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு மாஸ்ஃபெட் டிரைவரான டிபி6612எஃப்என்ஜிக்கு மாறுகிறார்கள். அதன் மின்தடை மொத்தமே அரை ஓம் அளவுதான். வண்டி பாய்கிறது. ஆனால் பழைய புரோகிராமில் திரும்பும்போதெல்லாம் பேட்டரி வோல்ட்டேஜ் சரிந்து, வண்டியை ஆளும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது. பிளாஸ்டிக் கியரின் பல்லும் தேய்கிறது. பழி புதிய டிரைவர் மேல் விழுகிறது. வேகத்தை ஆளும் பிடபிள்யூஎம் துடிப்பைப் படிப்படியாகக் குறைத்து, கொஞ்சம் பிரேக் பிடித்து, பிறகு எதிர்த்திசையில் ஏற்றினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு அந்தத் தாமதம் இடிக்கும்தான். அங்கே அதிர்ச்சியைத் தாங்கும் பேட்டரியும் ஆர்டுயினோவுக்குத் தனி மின்சாரமும் வேண்டும்.

சிறிய மோட்டாருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் மாஸ்ஃபெட் டிரைவரையே சொல்வேன். எல்298என்னை 24 வோல்ட் மோட்டாருக்கு வையுங்கள்; அங்கே 2 வோல்ட் போனால் பெரிய நஷ்டமில்லை.