அறுபது மில்லிமீற்றரும் ஒரு சிறு துளையும்

வாகரையில் மீன் லொறியைச் சுமை ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி பாதி விளங்கும். ஐஸ் பெட்டிகள் ஏற ஏறப் பின்பக்கம் அமிழ்கிறது. பனிச்சங்கேணிப் பாலத்தில் போகும்போது மூக்கு சற்றே மேலே பார்க்கிறது. லொறிக்கு அது ஒரு குறையில்லை. பந்தயக் காரில் அதே அமிழ்வு சில மில்லிமீற்றர் கூடிக் குறைந்தாலே கார் வேறொரு காராகிவிடும்.

காரணம் காற்று. அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய வெளியில் காற்று வேகம் பிடிக்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. வளைவில் ரயர் வழுக்காமல் நிற்பதற்கு இந்த உறிஞ்சல் பெருந்துணை. இடைவெளி குறையக் குறைய அது கூடும், ஓர் எல்லை வரை. எல்லை தாண்டினால் காற்றோட்டம் அறுந்து கார் மேலெழும். எழுந்ததும் மறுபடி உறிஞ்சப்படும். 2022இல் போர்முலா 1 கார்கள் நேர்ப்பாதையில் துள்ளித் துள்ளி ஓடியது இதனால்தான். ஆகவே உயரம் மாறக்கூடாது. ஆனால் அதை மாற்றவே எல்லாம் காத்திருக்கின்றன: வேகம் இரு மடங்கானால் காற்றின் அமுக்கம் நான்கு மடங்கு, பிரேக் பிடித்தால் மூக்கு தாழும், தொடக்கத்தில் நிறைந்திருந்த எரிபொருள் முடிவில் அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

பட்டறையில் இந்த உயரத்தை அளக்கும் விதமே அழகு. முதலில் காரை அல்ல, தரையைச் சமன் பார்க்கிறார்கள். ரயர்க் காற்றைச் சரிபார்த்து, இருக்கையில் ஓட்டுநரையோ அவர் எடைக்குச் சமமான பாரத்தையோ வைத்து, காரை மெல்ல அமுக்கி விட்டு, அது தானாக அடங்கிய பிறகே அளவுகோலை நீட்டுவார்கள். உராய்வில் சிக்கி நிற்கும் ஸ்பிறிங் பொய்யான உயரம் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிறு போர்முலா கார்கள் பலவற்றில் சக்கரத்தையும் ஸ்பிறிங்கையும் இணைக்கும் தண்டின் ஒரு முனையில் வலஞ்சுழி மரை, மறுமுனையில் இடஞ்சுழி மரை. எதையும் கழற்றாமல் தண்டைத் திருகினால் அது நீளும், குறுகும். ஸ்பிறிங்கின் இறுக்கம் மாறாமல் உயரம் மட்டும் மாறும். ஒரு மூலையை உயர்த்தினால் மற்ற மூன்றிலும் பாரம் இடம்மாறும் என்பதால், ஒவ்வொரு திருகலுக்கும் நான்கு சக்கரங்களின் கீழுமுள்ள தராசுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்தது, வடிவமைப்பாளர் கோர்டன் மரே 1981இல் பிரபாம் அணியின் காருக்குச் செய்தது. அந்த ஆண்டு போர்முலா 1 விதி, காரின் அடிக்கும் தரைக்கும் 60 மில்லிமீற்றர் இடைவெளி கேட்டது. அதை நின்ற காரில்தான் அளக்க முடியும். ஓடும் காரில் யாரும் கோல் வைக்க முடியாது. மரே சஸ்பென்சனில் காற்றையும் திரவத்தையும் சேர்த்தார். வேகம் கூடக் காற்று காரை அமுக்கும், திரவம் மிகச் சிறிய துளை வழியே மெதுவாக வெளியேறும், கார் தாழும். தாழ்ந்த கார் அங்கேயே நிற்கும். மேடு பள்ளமும் பிரேக்கும் ஒரு கணத்து விசைகள், அந்தத் துளையால் திரவம் திரும்பிவர அவகாசம் போதாது. பந்தயம் முடிந்து ஓட்டுநர் மெதுவாக ஒரு சுற்று வரும்போது அமுக்கம் விட, கார் பழைய உயரத்துக்கு ஏறி, அளப்பவர் முன் ஒழுங்காக நிற்கும். ஓட்டுநர் தொட ஒரு பொத்தான்கூட இல்லை. எந்த விசை நீடிக்கும், எந்த விசை கடந்துபோகும் என்று பிரித்தறியும் வேலையை ஒரு துளையின் அளவிடம் ஒப்படைத்தார் மரே. அந்த ஏப்ரலில் அந்தக் காரை ஓட்டிய நெல்சன் பிக்கே ஆர்ஜென்ரீனாவில் வென்றார். ஆண்டு முடிவில் சம்பியனும் ஆனார். மற்ற அணிகள் முதலில் முறையிட்டன, பிறகு தாங்களும் உயரம் தாழ்த்தும் வழி தேடின.

கணினி வால்வைத் திறந்து மூடி உயரம் காக்கும் முறை பின்னால் வந்தது. 1987இல் லோட்டஸ் காரில் அயர்ட்டன் சென்னா மொனாக்கோவில் அப்படி வென்றார். 1992இல் வில்லியம்ஸ் காரில் நைஜல் மான்செல் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றார். வல்லமையில் அது மேல். நயத்தில் மரேயின் துளைதான் மேல் என்பேன். 1994 தொடங்குமுன் அந்தக் கணினி முறை தடைசெய்யப்பட்டது.

அதே ஆண்டு நடுவில், காரின் அடியில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகை கட்டாயமானது. மிகத் தாழ்வாக ஓடினால் பலகை தேயும். 9க்குக் கீழே போனால் பெறுபேறு செல்லாது. நின்ற காரை அளந்த காலம் போய், ஓடிய உயரத்தைப் பலகையே எழுதி வைக்கும் காலம் வந்தது. 2025 நவம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்த லாண்டோ நொரிஸின் பலகை ஓரிடத்தில் 8.88 மில்லிமீற்றர் காட்டியது. நான்காவதாக வந்த ஒஸ்கார் பியாஸ்திரியின் பலகையும் தேய்ந்திருந்தது. பயிற்சி நேரம் குறைந்துபோனதும், கார் எதிர்பாராமல் துள்ளியதும் காரணம் என்றது இருவரின் மக்லாரன் அணி. வேண்டுமென்று செய்ததல்ல என்பதை நடுவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் இரு காருக்குமாக 30 புள்ளிகள் போயின.