உரைகல்லுக்கு வராத செய்திகள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளித் தொழிலுக்குப் பெயர் பெற்ற பகுதி. நாடெங்கும் செல்லும் சேலத்துக் கொலுசுகள் உருப்பெறும் பட்டறைகள் பல இத்தெருக்களிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கின்றன. இங்கே வெள்ளியை வாங்குபவர், கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. முதலில் உரைத்துப் பார்க்கிறார். ஐயம் தீரவில்லையெனில் உருக்கிப் பார்க்கிறார். எத்தனை ‘டச்’ என்று தெரிந்த பின்னரே தராசைத் தொடுகிறார். கொண்டு வந்தவர் உறவினரானாலும் ஊர்ப் பெரியவரானாலும் இவ்வழக்கம் மாறுவதில்லை. அதை அவமதிப்பாக எவரும் கொள்வதுமில்லை.

அரபு மொழியில் திறனாய்வைக் குறிக்கும் ‘நக்து’ என்னும் சொல்லும் இத்தகைய கடைவீதியிலிருந்தே வந்தது. நல்ல திர்ஹத்தினின்று கள்ள திர்ஹத்தைப் பிரித்தெடுத்தல் என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்று. ஹதீஸ் கலை இமாம்கள் தம் பணியை நாணயம் மாற்றுவோரின் பணிக்கு ஒப்பிட்டது இதனாலேயே. ஒரு செய்தி அவர்களிடம் வந்தால் இருவகைச் சோதனைக்கு உள்ளாகும். அது யார் வழியாக வந்தது என்பது இஸ்னாத் பற்றிய கேள்வி. சொல்லப்பட்டது தன்னளவில் பொருந்துகிறதா என்பது மத்ன் பற்றிய கேள்வி. நபி (ஸல்) அவர்களின் பெயரால் வந்த செய்தியையே இவ்வாறு உரைத்துப் பார்த்த சமுதாயம், அரசுகளின் பெயரால் வரும் செய்திகளை எவ்வாறு ஏற்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

கலவரம், குண்டுவெடிப்பு, ஆர்ப்பாட்டம் என எது நிகழ்ந்தாலும் அதன் பின்னால் இன்ன இஸ்லாமிய இயக்கம் உள்ளது என்ற அறிவிப்பு விரைந்து வருவதை நாம் கண்டு வருகிறோம். நம்முள் ஒரு சாரார் அதை அப்படியே நம்பித் தலைகுனிகின்றனர். மறுசாரார் கேட்ட மாத்திரத்திலேயே பொய்யென்று தள்ளிவிடுகின்றனர். உரைகல்லை எடுக்காமலேயே விலை சொல்வதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். நம்பகமற்றவர் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. விசாரணை அங்கே ஒரு கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் ஓர் இரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டார். அவர் பையில் அரபு நூலொன்று இருந்தது. திறந்த பக்கத்தை மொழிபெயர்க்குமாறு அதிகாரி கேட்க, அவரும் உண்மையாகவே மொழிபெயர்த்தார். அது நஹ்வு என்னும் இலக்கண நூல். எழுவாயையும் செயப்படுபொருளையும் விளக்க, ஸைத் என்பவன் அம்ரை அடித்தான் என்னும் எடுத்துக்காட்டை அரபு இலக்கண ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக ஆண்டு வருகின்றனர். இந்த ஸைத் யார், எந்த ஊர், ஏன் அடித்தான் என்று விசாரணை நீண்டது. ஒரு மணி நேரத்துக்குப் பின் மாணவர் விடுவிக்கப்பட்டார். வகுப்பறையில் இதைக் கேட்டு அனைவரும் சிரித்தோம். ஆனால் இதே வகைத் தவறு ஒரு மனிதரைப் பத்தொன்பது மாதங்கள் சிறையில் வைத்ததும் உண்டு.

இலங்கையின் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம். பேருவளை ஜாமிஆ நளீமிய்யாவில் பயின்றவர். புத்தளம் பகுதியில் ஆசிரியப் பணியாற்றியவர். 2017ஆம் ஆண்டு ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஸஹ்ரான் ஹாஷிமின் குழுவினர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடத்திய தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அப்பாவிகளின் உயிரைப் பறித்த அக்கொடுமைக்கு மார்க்கத்தில் எந்த நியாயமும் இல்லை. அதன் பின்னர் அந்நாட்டில் முஸ்லிம்களின் அடையாளங்கள் அனைத்தும் ஐயத்தோடு வாசிக்கப்பட்டன. கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்த ஆடை அணிந்த ஒரு பெண், அது தர்மச் சக்கரம் என்ற குற்றச்சாட்டில் 2019 மே மாதம் ஹஸலக்கவில் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு மே 16ஆம் நாள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அஹ்னாஃப் கைதானார். அவருடைய கவிதைகள் தீவிரவாதத்தைப் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு.

இங்கே சான்று எனப்பட்டது ஒரு தமிழ் நூல். ஆகவே வழக்கின் உயிர்நிலை மொழியறிவிலும் இலக்கிய அறிவிலும் இருந்தது. ஆனால் அந்நூல் மூலமொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட வடிவிலேயே ஐயத்துக்கு உள்ளானது. தமிழில் அதைப் படித்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான், தீவிரவாதத்துக்கு ஆதரவான எதுவும் அதில் இல்லையென்றும், வன்முறைக்கு எதிரான குரலே உள்ளதென்றும் எடுத்துரைத்தார். நூலின் பெயரை எண்ணிப் பார்த்திருந்தாலே பாதி ஐயம் தீர்ந்திருக்கும். நவரசம் என்பது ஒன்பது சுவை. வெகுளியும் வீரமும் அச்சமும் அழுகையும் அவற்றுள் அடங்கும். கவிஞன் வெகுளியைப் பாடினால் அது வெகுளி என்னும் சுவை. படை திரட்டும் ஆணையாக அதைக் கொள்வது இலக்கிய வகையறியாப் பிழை. இந்த அளவுகோலால் அளந்தால் பரணி பாடிய செயங்கொண்டாரும் தப்பார். நம் முன்னோர் வீடுகளில் இராகத்தோடு ஓதிய சக்கூன் படைப்போர் முதலிய படைப்போர் இலக்கியங்கள் அனைத்தும் காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டியதுதான்.

2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாணயம் நல்லதென்று தெரிய மூன்றரை ஆண்டுகள் ஆயின. உரைத்துப் பார்க்கும் வரை நாணயத்தைப் பூட்டி வைக்கலாம். அதனால் அதற்கு இழப்பில்லை. மனிதனின் இளமை அத்தகையதன்று.

நம் நாட்டிலும் மத்ன் ஆய்வுக்குரிய வழக்கொன்று உண்டு. 2002 செப்டம்பர் 24ஆம் நாள் குஜராத்தின் காந்திநகரிலுள்ள அக்ஷர்தாம் கோயிலில் இருவர் புகுந்து நடத்திய தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களின் ஆடையிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட உருதுக் கடிதங்களை எழுதியவர் என்று அஹ்மதாபாதைச் சேர்ந்த முஃப்தி அப்துல் கய்யூம் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவருக்கும் வேறு இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில்தான் அக்கடிதங்கள் உரைகல்லுக்கு வந்தன. உடல்களைக் குண்டுகள் பல துளைத்திருந்தன. ஆடை இரத்தத்தில் தோய்ந்திருந்தது. அவற்றினுள்ளே இருந்தனவாம் கடிதங்களில் மட்டும் துளையுமில்லை, கறையுமில்லை. காவல் அதிகாரியிடம் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிர்ப்பந்தத்தின் கீழ் தரப்படும் ஒப்புதலை நம் ஃபிக்ஹும் பொருட்படுத்துவதில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 2014 மே 16 அன்று அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அது மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள். கைது முதற்பக்கச் செய்தியாயிருந்தது. விடுதலையைக் கவனிக்க அன்று யாருக்கும் நேரமில்லை.

இலங்கையிலும் குஜராத்திலும் காலம் கடந்தேனும் ஓர் உரைகல் கிடைத்தது. உரைகல்லே இல்லாத நிலத்தில் அரசின் கூற்று எவ்வாறு வளர்கிறது என்பதற்கு உய்குர் மக்களின் வரலாறு சான்று. 2002 ஜனவரியில் சீன அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. 1990 முதல் 2001 வரை ‘கிழக்கு துர்கிஸ்தான்’ சக்திகள் 200க்கும் மேற்பட்ட வன்செயல்களை நடத்தினர் என்றும் 162 பேர் இறந்தனர் என்றும் அது கூறியது. அதில் பல்வேறு குழுக்கள் பேசப்பட்டிருந்தன. அதே ஆண்டு கிழக்கு துர்கிஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோது, அமெரிக்க அரசின் அறிவிப்பு இந்த எண்ணிக்கை முழுவதையும் அந்த ஓர் இயக்கத்தின் தலையில் ஏற்றியது. அறிவிப்பாளர் ஒருவர் தாம் கேட்டதற்கு மேல் கூட்டிச் சொல்லும் பிழையை ஹதீஸ் மாணவர்கள் நன்கறிவர். ஒரு கை மாறியதும் செய்தி கனத்துவிட்டது.

இச்செய்தியின் இஸ்னாதை ஒரு நீதிமன்றம் பரிசோதித்த நிகழ்வும் உண்டு. ஆப்கானிஸ்தான் போரையடுத்துப் பிடிக்கப்பட்ட உய்குர்கள் 22 பேர் குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஹுஸைஃபா பர்ஹாத்தின் வழக்கை 2008 ஜூன் மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்தது. பல ஆவணங்கள் ஒரே கருத்தைச் சொல்வதால் அது உண்மை என்பது அரசின் வாதம். அவை எங்கிருந்து தகவல் பெற்றன என்பதே தெரியாதபோது அவற்றின் நம்பகத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்று நீதிபதிகள் கேட்டனர். ஒன்றை மும்முறை சொல்வதனால் அது மெய்யாகிவிடாது என்றும் கருத்துரைத்தனர். அனைத்துக்கும் மூலம் சீன அரசாகவே இருக்கலாம் என்ற ஐயமும் அங்கு எழுந்தது. நம் கலைச்சொல்லில் கூறினால், பலர் வழி வந்த முதவாதிர் போலத் தோன்றியது, தேடிச் சென்றால் ஒரே ராவியில் முடியக்கூடிய செய்தியாயிருந்தது. அந்த ராவியோ வழக்கில் தன்னலம் உடையவர். 2020ஆம் ஆண்டு அமெரிக்கா அவ்வியக்கத்தைத் தன் பட்டியலொன்றிலிருந்து நீக்கியபோது, பத்தாண்டுகளுக்கும் மேலாக அது இயங்கியதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது.

இதனால் உய்குர்கள் எவரும் வன்முறையில் இறங்கவேயில்லை என்று நாம் சொல்லவில்லை. 2014 மார்ச் மாதம் குன்மிங் இரயில் நிலையத்தில் 31 பேர் வெட்டிக் கொல்லப்பட்டது உண்மை. 2009 ஜூலையில் உரும்சியில் அரசுக் கணக்கின்படி 197 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஹான் இனத்தவர் என்றும் அக்கணக்கு கூறியது. ஆயினும் உரும்சிக் கொந்தளிப்புக்குச் சில நாள் முன்பு, தென்சீனத்தின் ஷாவ்குவான் நகரில் பொம்மைத் தொழிற்சாலையொன்றில் உய்குர்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்பட்டிருந்தனர். நீதி கேட்டே முதலில் மக்கள் திரண்டனர். வெளிநாட்டுச் சதி என்ற அரசின் விளக்கம் இந்தக் காரணத்தை மூடி மறைக்கும் திரையாயிற்று. ஒரு கூட்டத்தாரின் குறைகளைக் கேட்க விரும்பாத அரசுக்கு, ஓர் இயக்கத்தின் பெயர் மிக வசதியானது. பெயரைச் சொன்னதும் கேள்விகள் நின்றுவிடுகின்றன. அத்திரையின் பின்னால் எழுத்தாளரும் அறிஞரும் காணாமற் போயினர். வன்முறையை ஏற்காது உரையாடலையே வேண்டிய பொருளியல் பேராசிரியர் இல்ஹாம் தோஹ்திக்கு 2014இல் ஆயுள் தண்டனை. கல்வித்துறைத் தலைவராயிருந்த சத்தார் சாவுத்துக்கு, அரசே பள்ளிகளுக்கு வழங்கிய உய்குர்ப் பாடநூல்களுக்காக நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை; 2021இல் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. நவரசத்தின் கதை இங்கு பேருருவம் கொள்கிறது.

நம்மைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. 2019 ஜூலையில் சீனத்தின் நடவடிக்கைகளை ஆதரித்து 37 நாடுகள் ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதின. சவூதி அரேபியா, பாகிஸ்தான், எகிப்து ஆகியன அவற்றுள் அடங்கும். இஸ்னாத் கலையின் வாரிசுகள் உரைக்காமலேயே நாணயத்தைப் பெட்டியிலிட்டனர்.

ஆனால் உரைகல்லைப் பிறர் மீது மட்டும் பயன்படுத்துபவர் திறனாய்வாளர் ஆகார். இமாம் அலீ இப்னுல் மதீனீ அவர்களிடம் அவர்தம் தந்தையின் அறிவிப்புகளைப் பற்றி வினவியபோது, இது மார்க்கம் என்று கூறி, தம் தந்தையைப் பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார்கள். உங்களுக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்னும் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனக் கட்டளை அங்கே செயலாயிற்று.

நமக்கு அருகிலுள்ள கோவையை எடுத்துக்கொள்வோம். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்து எழுந்த கலவரத்திலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். 2007ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் அல்உம்மா நிறுவனர் பாஷா உள்ளிட்ட 158 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதே நீதிமன்றம், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அப்துந் நாஸர் மஅதனியை நிரபராதி என விடுவித்தது. நம் மேடைகள் மஅதனியின் விடுதலையை நெடுங்காலம் பேசின, பேச வேண்டியதுதான். ஆனால் அதே தீர்ப்பின் மறுபாதியை நாம் எத்தனை முறை பேசினோம்? பிறரோ அம்மறுபாதியை மட்டுமே நினைவில் வைத்துள்ளனர். 58 பேரின் குடும்பத்தார்க்கும் 18 பேரின் குடும்பத்தார்க்கும் ஒரே குரலில் ஆறுதல் சொல்ல இயலாதவரை, அரசின் கூற்றில் உள்ள பொய்யை நாம் சுட்டினாலும் கேட்போர் அதைச் சார்புரையாகவே கொள்வர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்யலாகாது என்று அல்மாயிதாவின் 8ஆம் வசனம் விலக்குகிறது. சொந்தக் கூட்டத்தின் மீதுள்ள பாசத்துக்கும் அது பொருந்தும்.

அன்று இரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்ட மாணவர் இப்போது ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அண்மையில் நம்மைக் காண வந்தபோது, கைப்பேசியில் வந்த செய்தியொன்றைக் காட்டினார். எங்கோ முஸ்லிம்கள் தாக்கப்பட்டதாக அது கூறியது. ஜும்ஆ உரையில் சொல்லலாமா என்றார். அதை அனுப்பியவர் யாரென்று கேட்டோம். நண்பர் என்றார். அவருக்கு அனுப்பியவர்? தெரியாது என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுத் தாமே அதை அழித்தார். அவர் பயின்ற பாடம் அவருக்கு நினைவிருந்தது. அதனை அரசுகளிடம் எதிர்பார்க்கும் உரிமை அத்தகையோர்க்கே உண்டு என்பது நம் கருத்து. அல்லாஹ் மிக அறிந்தவன்.