யோசேப்பின் களஞ்சியமும் பின்னலாடைத் தொழிலாளரும்

பொருளாதார நெருக்கடி நேரும்போதெல்லாம் நம் பிரசங்கபீடங்கள் ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தை நாடுகின்றன. செழிப்பில் சேமித்தவன் பஞ்சத்தில் பிழைப்பான் என்பதே அப்பிரசங்கங்களின் சாரம். முதலிபாளையம் பின்னலாடைத் தொழிலாளர் நடுவே இவ்விளக்கம் நிற்குமா?

2011 ஜனவரியில், நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றமே நெருக்கடியை உண்டாக்கிற்று என்றோர் பலர். ஆற்றில் சாயக்கழிவு ஓடிய ஆண்டுகளை அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்திய ஆடைகள்மீது 50 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. முன்னதன் வேர் நம் ஆற்றங்கரையில். பின்னதன் வேர் வாஷிங்டனில். எதுவும் தொழிலாளியின் ஊதாரித்தனத்தால் வந்ததன்று. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு, ஆர்டர் நின்ற வாரமே கூலியும் நிற்கிறது. அவருக்கு ஏழு செழிப்பான ஆண்டுகள் வாய்த்தது எப்போது?

சேமிப்பு வேண்டாமென்பது நம் கருத்தன்று. யோசேப்பின் திட்டமே தனிமனிதச் சேமிப்பன்று. விளைவில் ஐந்திலொரு பங்கை அரசு திரட்டிய பொது ஏற்பாடு அது. 47ஆம் அதிகாரத்தையோ நாம் பிரசங்கிப்பதே அரிது. மக்கள் பணத்தையும் மந்தைகளையும் நிலத்தையும் கொடுத்து, இறுதியில் பார்வோனுக்கு அடிமைகளாயினர். களஞ்சியம் உயிரைக் காத்தது, உரிமையைக் காக்கவில்லை.

ஆகவே, 'என்ன சேமித்தாய்?' என்று தொழிலாளியை வினவுமுன், 'சுமை யார் தோளில் இறக்கப்படுகிறது?' என்று வினவுவதே போதகரின் கடமை. நொய்யல் நிறம் மாறியபோது நாம் வாய்திறவாதிருந்ததற்கும் அவ்வினா விடை கேட்கும்.