நடைக்கு விலை, குணத்துக்கு?

60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மணல் களம். சவாரி செய்பவரின் கால் அழுத்தம் பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாது; குதிரையோ நின்ற இடத்திலேயே தாளத்தோடு கால் மாற்றி மாற்றி வைக்கும். டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்ற விளையாட்டின் உச்சமான பியாஃப் இதுதான். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். இயல்பிலேயே மிரண்டோடும் ஒரு விலங்கு, கைத்தட்டலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே, முதுகில் இருப்பவரை நம்பி இதைச் செய்வதற்குக் கால் வலு மட்டும் போதாது, குணம் வேண்டும். இதை மறுக்கும் வளர்ப்பாளர் யாருமில்லை. ஆனால், எந்தக் குதிரையின் வம்சம் பெருக வேண்டும் என்று தீர்மானிக்கும் நாளில் அந்தக் குணத்துக்கு என்ன மதிப்பு கிடைக்கிறது?

ஜெர்மனியின் ஹனோவர் இனத்தைப் பார்ப்போம். அதன் தாய்வீடு 1735-இல் தொடங்கப்பட்ட செல்லே அரசுப் பண்ணை. அன்று உழவுக்கும் வண்டிக்கும் படைக்கும் குதிரை தேவைப்பட்டது. கடித்து உதைக்கும் குதிரையை எந்த உழவர் கட்டித் தீனி போடுவார்? வேலையே குணத்தைச் சலித்தெடுத்தது. டிராக்டர் வந்து குதிரையை வயலிலிருந்து வெளியேற்றிய பிறகு, விளையாட்டுக்காகவே வளர்க்கும் காலம் வந்தது. சல்லடையை இனி மனிதர்கள்தாம் செய்ய வேண்டியிருந்தது.

செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொலிகுதிரைகளுக்கான செயல்திறன் தேர்வில் நடை, பாய்ச்சல் ஆகியவற்றோடு சுபாவம், உழைக்கும் விருப்பம், சவாரிக்கு இணங்கும் தன்மை ஆகியவையும் கணக்கில் வருகின்றன. பழக்கமில்லாத புதியவர் ஒருவரை ஏற்றிப் பார்ப்பதும் உண்டு. இது இந்த முறையின் பெரிய பலம்.

குறை எங்கே? முதலாவது, காலத்தில். பொலிகுதிரையாக ஏற்பதற்கான தெரிவு சுமார் இரண்டரை வயதில் நடக்கிறது. அப்போது அதன் முதுகில் யாரும் ஏறியிருப்பதில்லை. கையில் பிடித்தும் அவிழ்த்துவிட்டும் முக்கியமாக அதன் நடையைத்தான் பார்க்கிறார்கள். டிரெஸ்ஸாஜின் உச்சநிலையான கிராண்ட் பிரி போட்டிக்கோ எட்டு வயதாவது ஆக வேண்டும். நெருக்கடியில் குதிரை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியவரும் முன்பே அதன் குட்டிகள் நூற்றுக்கணக்கில் மேயத் தொடங்கிவிடலாம். பின்னர் வரும் செயல்திறன் தேர்வும் சில வாரங்களில் முடிவது, ஏறுபவர்களும் கைதேர்ந்தவர்கள். குட்டியை வாங்குபவரோ பெரும்பாலும் ஓய்வுநேரச் சவாரிக்காரர். சந்தையும் ஆறுமாதக் குட்டியின் துள்ளலுக்கு விலை வைக்கிறதே தவிர, அதன் பொறுமைக்கு வைப்பதில்லை.

இரண்டாவது, பெட்டைகளின் விஷயத்தில். சவாரிக்கு அடங்காத பெட்டையை, “சரி, குட்டியாவது போடட்டும்” என்று இனப்பெருக்கத்துக்கு விடும் வழக்கம் இருக்கிறது. குட்டி தாயிடமிருந்து பாதி மரபணுவை மட்டும் பெறுவதில்லை. மனிதரைக் கண்டால் நெருங்குவதா விலகுவதா என்பதையும் தாயைப் பார்த்தே கற்கிறது.

மூன்றாவது, ‘நல்ல குணம்’ என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம். மந்தமான குதிரை சாதுவாகத் தெரியும். ஆனால் பியாஃபுக்குத் தேவையான கூருணர்வு அதனிடம் இராது. அடங்கிப்போன குதிரையும் சாதுவாகவே தெரியும். அது நம்பிக்கையால் அல்ல, எதிர்த்துப் பயனில்லை என்று கற்றதால். மறுபுறம், ‘முரடு’ என்று ஒதுக்கப்படும் குதிரைக்கு முதுகுவலி இருக்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன் குழுவினர், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டனர். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் உடல்வலி இருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே குணத்துக்கு மதிப்பெண் போடும் முன் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்ப்பது அறிவு.

பயிற்சியைத் தவிர்த்துக் குணத்தைப் பேசவும் முடியாது. டோட்டிலாஸ் என்ற கறுப்புப் பொலிகுதிரை 2009-இல் எட்வர்ட் ஹாலின் சவாரியில் 92.30 சதவீதம் பெற்று உலகை வியக்க வைத்தது. 2010-இல் கைமாறிய பிறகு அந்த மதிப்பெண்ணை அது மீண்டும் தொடவே இல்லை. குதிரை அதேதான், ஆள் வேறு. அதன் சாதனையைப் பின்னர் முறியடித்து, 2014-இல் 94.30 சதவீதம் எட்டிய வலேக்ரோ, சாந்த சுபாவத்துக்குப் பெயர் போனது. ஆனால் அது காயடிக்கப்பட்ட குதிரை. அதன் வம்சம் அதோடு முடிந்தது. அதில் சவாரி செய்து ஒலிம்பிக் தங்கம் வென்ற சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது வேறொரு குதிரையைச் சாட்டையால் அடித்த காணொளி வெளியானதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார்; ஓராண்டுத் தடையும் பெற்றார். நல்ல குதிரையோடு பழகியதாலேயே கை நல்லதாகிவிடாது.

குணம் தெரிந்த பிறகே இனப்பெருக்கத்துக்கு விடும் மாற்று வழி புதிதல்ல. வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் லிப்பிசானர் குதிரைகள் பல ஆண்டுகள் பயிற்சியில் தேறுகின்றன. அவற்றில் தங்களை நிரூபித்தவையே இனப்பெருக்கத்துக்காகப் பீபர் பண்ணைக்குத் திரும்புகின்றன. முதலில் உழைப்பு, பிறகுதான் வம்சம். வணிக வளர்ப்பாளர் அவ்வளவு காலம் காத்திருந்தால் கடனில் மூழ்குவார் என்பது உண்மைதான். ஆனால் உறைவிந்தைச் சேமிக்க முடிகிற இந்நாளில், எட்டு வயதுக்கு முன் ஒரு பொலிகுதிரைக்கு இத்தனை குட்டிகள்தாம் என்று வரம்பு வைப்பது இயலாததல்ல. பெட்டைக்கும் சவாரித் தேர்வைக் கட்டாயமாக்கலாம். சாதாரணச் சவாரிக்காரரையும் ஏற்றிப் பார்த்து, அந்த மதிப்பெண்ணைத் தனியே வெளியிடலாம்.

நடை கண்ணுக்கு உடனே தெரிகிறது. குணம் தெரிய ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய முறை குணத்தை அளக்காமல் இல்லை, அவசரப்பட்டு அளக்கிறது. அதுவே அதன் தீராத குறை.