பெயர் எழுதாத கேள்விகள்

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி நூலகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. மாணவர்கள் பெயர் போடாமல் படிப்பு, காதல், தனிமை என்று எதையும் துண்டுச்சீட்டில் கேட்டு ஒட்டலாம். சுவரே பேசுவதுபோல நூலகர் பதில் எழுதுவார். பதிலோடு பலமுறை ஒரு புத்தகத்தின் பெயரும் இருக்கும்.

இதை அறிந்தபின் எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகளை (1931) மறுபடி படித்தேன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன் நம் கோவை அரசுக் கல்லூரியிலும் கணிதம் நடத்தியவர் அவர். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்ற விதி இன்றும் அழகுதான். ஆனா அவர் வலியுறுத்திய உதவி, முகம் பார்த்துச் செய்வது. கோவைப் பக்கம் பொறியியல் படித்தபோது நூலகரிடம் நாங்கள் கேட்டதெல்லாம் பழைய வினாத்தாள்தான். 'அரியர் இருக்குன்னு வீட்ல எப்படிங்க சொல்றது?' என்று முகத்தைக் காட்டி யார் கேட்பது?

'ஒழுங்காப் படி தம்பி' என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர். கேட்டவன் யாரென்று துருவாமல் அவனுக்கான புத்தகத்தைக் காட்டத்தான் ஆளில்லை. 'சாப்ட்டியா கண்ணு?' என்று சுவரால் விசாரிக்க முடியாதுதான். இருந்தாலும் ரங்கநாதனின் விதி எங்களைப் போன்ற வாயில்லாத வாசகர்களை எட்டுவது அங்கேதான். பெயரைப் புத்தகம் எடுக்கும்போது எழுதிக்கொள்ளலாம்.